விருந்துப் பதிவில் டி-சட்டை, பேருந்து, நினைவு மலர்: எதைச் சேர்ப்பது, எப்போது மூடுவது?

கேள்வி இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விருந்து நடக்கப்போகிறது. 300 பேரை எதிர்பார்க்கிறார்கள். பதிவு கூகள் படிவத்தில். விருந்துக் கட்டணத்தோடு டி-சட்டை, கோலாலம்பூரிலிருந்து பேருந்து, தங்கும் அறை, நினைவு மலர், மறுநாள் காலைச் சுற்றுலா ஆகியவற்றை வேண்டுபவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். படிவத்தை எப்படி அமைப்பது, பணத்தை எப்படி வசூலிப்பது, போன முறை சட்டைக் கணக்கு ஏன் குழம்பியது என்று செயற்குழு கேட்கிறது.

படிவத்தில் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு கூடுதல் வரிக்கும் பின்னால் ஒருவர் காத்திருக்கிறார்: அச்சகத்துக்காரர், பேருந்துக்காரர், சமையல்காரர். அவர்களுக்கு உங்களிடமிருந்து தெரிய வேண்டியவை இரண்டே: எத்தனை, எந்தத் தேதிக்குள். ரப்பர் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) தலை எண்ணி, ஆளுக்கு இத்தனை மரம் என்று நிரை பிரித்த கதைதான். எண்ணிக்கை கையில் இல்லாமல் வேலை பிரிக்க முடியாது. ஆகவே கூடுதல்களை ‘இதையும் விற்கலாமே’ என்று பார்க்காதீர்கள். ‘இந்த எண்ணிக்கை எனக்கு எந்தத் தேதிக்குள் வேண்டும்’ என்று பாருங்கள். போன முறைக் குழப்பத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கடைசித் தேதி போட்டிருப்பீர்கள்.

எது கட்டணத்துக்குள், எது வெளியே

விருந்துக் கட்டணம் தன் காலில் நிற்க வேண்டும். மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி, மேடை அலங்காரம் எல்லாம் அந்தக் கட்டணத்திலேயே அடங்கிவிட வேண்டும். சட்டை விற்ற லாபத்தில் மண்டப வாடகையைச் சரிக்கட்டலாம் என்று கணக்குப் போட்டால், நூறு பேர் சட்டை வேண்டாம் என்று சொன்ன அன்றே பொருளாளருக்குத் தூக்கம் போய்விடும். கூடுதல்களில் ஆளுக்கு இரண்டு மூன்று வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சினால் போதும். அது பிழையான அளவு, உடைந்த பொருள், வராத ஆள் ஆகியவற்றைத் தாங்கும் தொகை. வருமானம் என்று அதை எழுதாதீர்கள்.

இன்னொரு பக்கம், சிலவற்றைக் கூடுதலாக விற்கவே கூடாது. சைவச் சாப்பாடு அதில் முதல். அதற்குத் தனிக் காசு வாங்குவது நம் சபையில் எடுபடாது. கட்டாயக் கேள்வியாக முதல் பக்கத்திலேயே வையுங்கள்: சைவம் எத்தனை பேர், அசைவம் எத்தனை பேர். சைவம் என்பவர்களில் முட்டை சேர்ப்பவர், சேர்க்காதவர் உண்டு. கேக் வெட்டும் நிகழ்ச்சி இருந்தால் அந்த வேறுபாடு அங்கேதான் வெடிக்கும். புரட்டாசியில் நிகழ்ச்சி வைத்தால் சைவக் கணக்கு வழக்கத்தை விட மிக அதிகமாகும். சமையல்காரரிடம் பழைய விகிதத்தைச் சொல்லிவிடாதீர்கள். பழைய தலைமையாசிரியர், மலாய் நண்பர்கள் என முஸ்லிம்கள் வருவார்கள் என்றால், ஹலால் சமையல்காரரைப் பிடித்து விஷயத்தை ஒரேயடியாக முடித்துவிடுங்கள். ‘ஹலால் சாப்பாடு வேண்டுமா’ என்று படிவத்தில் தனி வரி போட்டு அவர்களை ஒரு மூலை மேசைக்கு அனுப்புவது விருந்தோம்பல் ஆகாது. சக்கர நாற்காலிக்கு வழி, படியேற முடியாதவருக்குக் கீழ்த்தள மேசை ஆகியவையும் அப்படியே. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், விலை வைக்காதீர்கள்.

அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டைக் கூடுதலாக விற்கலாம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். பணம் வாங்கிச் சீட்டு விற்றுப் பரிசு கொடுப்பது 1952 ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தின் பக்கம் போய்விடும், அனுமதி தேவைப்படும். நுழைவுச்சீட்டு எண்ணையே குலுக்கல் எண்ணாக வைத்து, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடுங்கள்.

ஆளுக்கா, குடும்பத்துக்கா, இருக்கைக்கா

படிவம் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் ஒவ்வொரு கூடுதலுக்கும் எதிரே அதன் அலகை எழுதுங்கள். பெரும்பாலானோர் தவறவிடுவது இதுதான். சட்டை ஆளுக்கு ஒன்று, அளவோடு. நினைவு மலர் குடும்பத்துக்கு ஒன்று. பேருந்து இருக்கைக்கு ஒன்று, மடியில் உட்காரும் குழந்தைக்கும் சேர்த்து. சுற்றுலாவும் அப்படித்தான். ‘நினைவு மலர் வேண்டும்’ என்று ஒரு கட்டத்தில் டிக் வைக்கச் சொன்னால், நான்கு பேர் பதிந்த குடும்பத்துக்கு ஒன்றா நான்கா என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆகவே டிக் பெட்டி வேண்டாம். எண்ணிக்கை கேளுங்கள்.

பதிவும் குடும்பத்துக்கு ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம் என்றால் அப்பா அம்மாவையும் சேர்த்து நான்கு முறை நிரப்ப வேண்டிய மகள், இரண்டாவது முறையிலேயே சலித்துவிடுவார். முதல் பக்கத்தில் இவை போதும்: பதிவு செய்பவரின் பெயர், கைப்பேசி எண், ஆறாம் ஆண்டு முடித்த வருடம் (10 பேர் மேசையில் வகுப்புத் தோழர்களைச் சேர்த்து உட்காரவைக்க), பெரியவர் எத்தனை, 4 முதல் 12 வயதுப் பிள்ளைகள் எத்தனை, சைவம் எத்தனை. அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. குழுவில் ஏழு பேர் திறந்து பார்க்கும் விரிதாளில் 300 பேரின் அட்டை எண் கிடப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

படிவத்தின் உள்ளே

முதல் பக்கம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கொண்ட பக்கம் வையுங்கள்: ‘சட்டை, பேருந்து போன்ற கூடுதல்கள் ஏதும் வேண்டுமா?’ ‘வேண்டாம், விருந்து மட்டும்’ என்றால் நேரே கடைசிப் பக்கம். ‘வேண்டும்’ என்றால் கூடுதல் பக்கங்கள். பதிலுக்கு ஏற்ப வேறு பக்கத்துக்குத் தாவும் வசதி கூகள் படிவத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கும் கீழிறங்கு பட்டியலுக்கும் மட்டுமே உண்டு. பல டிக் வைக்கும் பெட்டிக் கேள்விக்குக் கிடையாது. ‘இவற்றில் எவை வேண்டும்’ என்று பெட்டி வைத்துவிட்டு ஏன் தாவ மாட்டேன் என்கிறது என்று நள்ளிரவு வரை மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

சட்டைக்கு அளவுகளை வரிசையாகவும் எண்ணிக்கையைப் பத்தியாகவும் வைத்துக் கட்டமாகப் போடலாம். விரிதாளில் ஒவ்வோர் அளவும் தனிப் பத்தியாக வந்து சேரும், கூட்டுவது எளிது. ஆனால் கைப்பேசியில் அந்தக் கட்டம் பக்கவாட்டில் நீளும். வலது ஓரத்தில் இருக்கும் ‘3’, ‘4’ பலர் கண்ணில் படாது. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு கீழிறங்கு பட்டியல் (0 முதல் 5 வரை) வைப்பது நீளம்தான், ஆனால் பிழை குறைவு. பெரியவர் அளவு ஒரு பக்கம், பிள்ளைகள் அளவு இன்னொரு பக்கம் என்று பிரித்துவிட்டால் நீளம் உறுத்தாது.

எங்கேயாவது பெட்டிக் கேள்வி வைத்தே ஆக வேண்டும் என்றால் விருப்பத் தேர்வின் எழுத்துக்குள் காற்புள்ளி போடாதீர்கள். பல தேர்வுகளை விரிதாள் ஒரே கட்டத்தில் காற்புள்ளியால் பிரித்துத்தான் எழுதும். ‘நினைவு மலர், வண்ணப் பதிப்பு’ என்று நீங்கள் எழுதியிருந்தால் அதைப் பிரிக்கும்போது இரண்டு பொருளாகிவிடும். பதிவு தொடங்கிய பிறகு தேர்வின் எழுத்தையும் மாற்றாதீர்கள். ‘எக்ஸ்எல் 30 வெள்ளி’ என்பதை ‘எக்ஸ்எல் (30 வெள்ளி)’ என்று அழகுபடுத்தினால் பழைய பதில்கள் பழைய எழுத்திலேயே நிற்கும். எண்ணும் சூத்திரம் புதியதை மட்டும் எண்ணும், நாற்பது சட்டை காணாமல் போகும். போன முறை உங்கள் கணக்கு குழம்பியதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். பழைய விரிதாளைத் திறந்து அளவுப் பத்தியை ஒரு முறை அகரவரிசையில் அடுக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

விரிதாளில் மொத்தத் தொகைக்குச் சூத்திரம் போடும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. 300 வரிக்கு முன்கூட்டியே சூத்திரத்தை இழுத்து வைத்தால் வேலைக்காகாது. புதிய பதில் வரும்போது கூகள் புது வரியைச் செருகும், அதில் உங்கள் சூத்திரம் இருக்காது. முதல் வரியில் ஒரே ஒரு அரேஃபார்முலா (ARRAYFORMULA) போட்டு முழுப் பத்தியையும் நிரப்பச் செய்யுங்கள். அல்லது பதில் தாளைத் தொடாமல், இன்னொரு தாளில் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ‘பணம் வந்தது’, ‘சட்டை கொடுத்தாயிற்று’ என்று கையால் எழுதும் பத்திகளைப் பதில் தாளிலேயே வைத்தால், யாரும் தாளை வரிசைமாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வடிகட்டிப் பார்ப்பவர்கள் வடிகட்டிக் காட்சியைப் பயன்படுத்தட்டும்.

எதையும் முன்கூட்டியே டிக் வைத்து அனுப்பக் கூடாது. கூகள் படிவத்தில் முன்நிரப்பிய இணைப்பு என்று ஒரு வசதி உண்டு. ‘எல்லாருக்கும் ஒரு சட்டை என்று போட்டே அனுப்புவோம், வேண்டாதவர் எடுத்துவிடட்டும்’ என்று ஒருவர் யோசனை சொல்வார். இதே தந்திரத்தை விமான நிறுவனங்கள் காப்புறுதி, இருக்கைத் தேர்வு என்று காட்டக்கூடாது என்பதற்காகத்தான் 2016 இல் வந்த மலேசிய விமானப் பயணப் பயனீட்டாளர் பாதுகாப்புக் கோட்பாடு, கூடுதல் சேவையைப் பயணியே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளித் தோழர்களிடம் நாம் அந்த வேலையைக் காட்டக்கூடாது. லாபமும் இல்லை. பார்க்காமல் அனுப்பியவர், கட்டணம் கேட்கும்போது ‘நான் எப்போது சட்டை கேட்டேன்’ என்பார். ஒவ்வொருவரிடமும் விளக்கி முடிப்பதற்குள் பொருளாளர் பதவி விலகிவிடுவார்.

விலையைக் கேள்வியிலேயே எழுதுங்கள். ‘விவரங்களுக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவைப் பார்க்கவும்’ என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பணம்

கூகள் படிவத்துக்குக் கூட்டத் தெரியாது. நிரப்பியவர் தானே மொத்தம் போட்டுப் பணம் அனுப்பினால் பத்துக்கு இரண்டு பேராவது தவறாக அனுப்புவார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஆகவே பதிவின்போது பணம் கேட்காதீர்கள். பதிவு வந்த மறுநாளுக்குள் பொருளாளர் புலனத்தில் ஒரு செய்தி அனுப்பட்டும்: பதிவு எண், வாங்கிய பொருள்களின் பட்டியல், மொத்தத் தொகை, எத்தனை நாளுக்குள் செலுத்த வேண்டும். தான் கேட்டது இதுதானா என்று குடும்பத்தார் சரிபார்க்கும் இடமும் அதுவே.

தொகையோடு பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைக் காசாகச் சேர்த்துவிடுங்கள். உதாரணத்துக்கு 107 ஆம் பதிவு: பெரியவர் இருவர் 140, பிள்ளை ஒன்று 35, சட்டை இரண்டு 60, நினைவு மலர் 20, ஆக 255 வெள்ளி. செய்தியில் 255.07 என்று கேளுங்கள். வங்கிக் கணக்கில் ‘ஃபண்ட் டிரான்ஸ்ஃபர்’ என்ற ஒரே குறிப்போடு முப்பது வரவு கிடக்கும்போது, மனைவியின் கணக்கிலிருந்தோ மகனின் கணக்கிலிருந்தோ வந்த பணம் யாருடையது என்பதை அந்த ஏழு காசு சொல்லிவிடும். குறிப்புப் பகுதியில் பதிவு எண்ணைப் போடச் சொல்லுங்கள். பாதிப்பேர் போட மாட்டார்கள், அதனால்தான் காசு.

ரசீதுப் படத்தைப் படிவத்திலேயே பதிவேற்றச் சொல்லும் வசதி இருக்கிறது. வைக்காதீர்கள். அந்தக் கேள்வி ஒன்று இருந்தாலே நிரப்புபவர் கூகள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். பேரப்பிள்ளையின் கைப்பேசியில் நிரப்பும் தாத்தா அந்த இடத்தில் நின்றுவிடுவார்.

பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வரட்டும். தனியாள் கணக்கு என்றால் எவ்வளவு நல்லவர் ஆனாலும் பேச்சு கிளம்பும். சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: 2023 மார்ச் முதல் சிங்கப்பூர் வங்கிச் செயலிகள் சிலவற்றால் மலேசிய வணிகர்களின் டூயிட்நாவ் க்யூஆரை (கைப்பேசியில் பணம் செலுத்தும் குறியீட்டை) வருடிப் பணம் செலுத்த முடிகிறது. வணிகர் வகைக் க்யூஆர் உங்கள் சங்கத்திடம் இல்லையென்றால், இங்கிருக்கும் உறவினர் வழியாக அனுப்பச் சொல்வதே சுலபம். காசு இலக்கம் மாறாமல் வந்துசேரும்.

பில்பிளிஸ், தொய்யிப்பே போன்ற கட்டண வாயில்களில் எஃப்பிஎக்ஸ் (வங்கிக் கணக்கிலிருந்து நேரே இணையத்தில் செலுத்தும் முறை) வழியாகச் செலுத்த வைக்கலாம். வரவு தானாகப் பதிவோடு இணையும், ஆனால் சங்கத்தின் ஆவணங்களைக் கொடுத்துக் கணக்குத் திறக்க நாளாகும். ஒவ்வொரு வரவுக்கும் கட்டணமும் பிடிப்பார்கள். 300 பேர், ஒரே ஓர் இரவு என்றால் தேவையில்லை என்பது என் கருத்து. ஆண்டுதோறும் நடத்துபவர்கள் யோசிக்கலாம். ஈவன்ட்பிரைட் மாதிரியான பதிவுத் தளங்களில் கூடுதல்களை நுழைவுச்சீட்டோடு சேர்த்து விற்கும் வசதி தயாராகவே இருக்கிறது, மொத்தமும் அதுவே போடும். அங்கேயும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கூடுதல் ஆளுக்கா, பதிவுக்கா என்ற அமைப்பைத்தான்.

நன்கொடையைக் கடைசிக் கேள்வியாக வையுங்கள், தொகையை அவர்களே எழுதட்டும், தனி ரசீது கொடுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் உங்கள் அமைப்புக்கு அங்கீகாரம் இல்லாதவரை ‘வரிவிலக்கு உண்டு’ என்று வாய்தவறியும் எழுதிவிடாதீர்கள்.

சட்டை

தொல்லை அதிகம் தருவது இதுதான், எனவே கொஞ்சம் விரிவாக. எல் என்றால் எல்லாக் கடைக்கும் ஒரே எல் கிடையாது. ஒரு கடையின் எல் மார்பகலம் 20 அங்குலம், இன்னொன்றில் 22. அச்சகத்தை முதலில் முடிவு செய்து, அவர்கள் தரும் துணியின் அளவு அட்டவணையை வாங்கி, படிவத்தில் படமாகவே போடுங்கள். அதோடு ஒரு வரி: ‘வீட்டில் நன்றாகப் பொருந்தும் சட்டையைத் தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அங்குலத்தில் அளந்து பாருங்கள்.’ பிள்ளைகளுக்கு வயதைக் கேட்காதீர்கள். எட்டு வயதில் எலும்பும் தோலுமாக ஒருவன் இருப்பான், அவன் சட்டைக்குள் இரண்டு முறை நுழையக்கூடிய இன்னொருவனும் இருப்பான். அங்குலம்தான் பேச வேண்டும்.

திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை. முன்னும் பின்னும் இரண்டிரண்டு நிறம் என்றால் நான்கு திரை. பத்துச் சட்டை அடித்தாலும் 200 சட்டை அடித்தாலும் திரைச் செலவு ஒன்றே. அதனால்தான் ‘பிறகு ஒரு பன்னிரண்டு மட்டும் அடித்துக் கொடுங்கள்’ என்று போனால் விலை எகிறும். முதல் முறையிலேயே எல், எக்ஸ்எல், 2எக்ஸ்எல் அளவுகளில் சில சட்டைகளைக் கூடுதலாக அடித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் அந்த அளவுகளில்தான் கேட்பார்கள், எஸ் மிஞ்சினால் அலமாரியில் தூங்கும். பள்ளிச் சின்னத்தில் நிறம் பல இருந்தால், ஒரே நிறக் கோட்டோவியமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். செலவு குறையும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

3எக்ஸ்எல்லுக்கு மேல் அச்சகம் கூடுதல் விலை கேட்கும். அதைப் படிவத்தில் காட்டாமல் எல்லாச் சட்டை விலையிலும் ஒரு வெள்ளி ஏற்றிச் சமன்செய்துவிடுங்கள். உடம்பு பெரியதாக இருப்பதற்கு அபராதம் போல அது தெரியக் கூடாது. முழுக்கைக்கு மட்டும் தனி விலை வைக்கலாம், அது விருப்பம். முதுகில் பெயர் அச்சிடும் யோசனையைக் கைவிடுங்கள். எழுத்துப்பிழை யாருடையது என்ற வழக்கு முடியவே முடியாது, பெயர் போட்ட சட்டையை அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

பேருந்து

கோலாலம்பூரிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். பேருந்து வாடகையை 44 இருக்கையால் வகுத்து விலை வைப்பதுதான் வழக்கமான தப்பு. சாலைக் கட்டணம், ஓட்டுநர் சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,000 வெள்ளி என்று வையுங்கள். 44 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45.50. நாற்பத்து நான்கு பேரும் வந்தால்தான் அது கட்டும். 30 பேர் கணக்கில் 70 வெள்ளி வைத்தால் 29 ஆவது இருக்கையில் போட்ட பணம் திரும்பிவிடும். 29 பேருக்குக் கீழே இருந்தால் பேருந்து இல்லை, பணம் முழுதும் திரும்பக் கொடுக்கப்படும் என்று படிவத்திலேயே எழுதுங்கள். தேதியையும் எழுதுங்கள்.

‘போக’, ‘வர’, ‘இரண்டும்’ என்று மூன்றாகக் கேளுங்கள். வரும்போது ஏறி, அண்ணன் காரில் திரும்புபவர்கள் நிறைய. ஒரு வழிக்குப் பாதி விலை போடாதீர்கள், திரும்பும் இருக்கை காலியாகத்தான் போகும். 70 இல் 45 என்பது நியாயம். விருந்து 11 மணிக்கு முடிந்தால் பேருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சேர விடியற்காலை இரண்டு, மூன்று மணி ஆகும். அந்நேரம் ரயில் இருக்காது. இறங்குமிடத்தையும் உத்தேச நேரத்தையும் படிவத்தில் எழுதிவிட்டால் தனியாக வரும் பெண்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வார்கள். காலையில் ஓட்டி வந்தவரே நள்ளிரவிலும் ஓட்டுவாரா என்று பேருந்துக்காரரைக் கேட்பது உங்கள் கடமை. சுற்றுலாப் பேருந்து உரிமம் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும், இருக்கைப் பட்டை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். 2025 ஜூலை முதல் சுற்றுலாப் பேருந்துப் பயணிகளும் பட்டை அணிவது கட்டாயம். தெரிந்தவரின் பள்ளிப் பேருந்து மலிவு என்று நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள்.

அறை, சுற்றுலா, நினைவு மலர்

அறையை நீங்கள் விற்காதீர்கள். பட்டணத்தில் இருக்கும் ஒன்றிரண்டு தங்கும் விடுதிகளிலும் ஈப்போ, கோலகங்சார் பக்கமும் விலை விசாரித்து, தொலைபேசி எண்ணைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டால் போதும். நடுவில் நின்று முன்பணம் கட்டினால், வராதவரின் அறைக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: வெளிநாட்டவர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுப்பயண வரி முகப்பில் தனியாகக் கேட்பார்கள்.

ஞாயிறு காலைச் சுற்றுலாவுக்குக் கோலகங்சார் நல்ல தேர்வு. பக்கத்தில் இருக்கிறது. 1877 இல் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று அங்கே இன்னும் மரமாக நிற்கிறது. பால் வெட்டிய கைகளுக்கு அதன் அடியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசை இருக்கும். பழைய தோட்டத்தையும் லயங்களையும் (தொழிலாளர் வரிசை வீடுகளையும்) பார்க்க வேண்டும் என்பவர்களும் உண்டு. 1948 ஜூன் 16 இல் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலத்துக்கு வழிவகுத்த சம்பவத்துக்காக எல்பில் தோட்டத்தைக் கேட்பவர்களும் இருப்பார்கள். எந்தத் தோட்டமானாலும் உள்ளே போக நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். காவல் சாவடியில் 40 பேரோடு நின்று கெஞ்சிக்கொண்டிருக்க முடியாது. அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் அந்த வரியைப் படிவத்தில் திறக்க வேண்டும். செம்மண் சாலையில் மழைக்குப் பிறகு பெரிய பேருந்து திரும்பாது, வேன்தான். ஆக இருக்கை எண்ணிக்கையும் வேன் கணக்கில்தான்.

இருக்கை வரம்பு வந்ததும் அந்த ஒரு கேள்வியை மட்டும் தானாக மூடும் வசதி கூகள் படிவத்தில் இயல்பாக இல்லை. துணைச்செருகல்கள் உண்டு, ஆனால் அமைத்தவர் ஊரில் இல்லாத நாளில்தான் அவை மக்கர் செய்யும். ‘இது கோரிக்கை மட்டுமே, இடம் இருந்தால் பொருளாளர் உறுதி செய்வார்’ என்று கேள்வியின் கீழ் எழுதி, பதிவு வந்த வரிசைப்படி கொடுப்பது போதும்.

நினைவு மலருக்கு இரண்டு கூடுதல்கள்: பிரதி, வாழ்த்து விளம்பரம். விளம்பரத்தை இதே படிவத்தில் வைக்காமல் தனியாக வையுங்கள். அதற்குப் படம், வாசகம், திருத்தம் என்று பத்து முறை போக்குவரத்து இருக்கும்.

மூடும் தேதிகள்

நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விளம்பரம் 45 நாளுக்கு முன் மூடல். சட்டை 35 நாள். பேருந்து 21 நாள். சுற்றுலா 14. விருந்துப் பதிவும் சாப்பாட்டு எண்ணிக்கையும் 10. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் இடையில் வந்தால் அச்சகமும் பேருந்தும் கிடைக்காது, இன்னும் இரண்டு வாரம் முன்னே தள்ளுங்கள். ஒவ்வொரு தேதியையும் அந்தந்தக் கேள்வியின் கீழேயே எழுதுங்கள். அதுவரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும், அதற்குப் பிறகு திரும்பாது என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். பணம் கட்டாத சட்டை அச்சுக்குப் போகாது. இதில் தலைவர், செயலாளர் வீட்டுச் சட்டைக்கும் விலக்கு இல்லை.

சட்டை மூடும் நாளில் அந்தக் கேள்வியை அழிக்காதீர்கள். அதற்கு முந்தைய பக்கம் எங்கே தாவ வேண்டும் என்பதை மாற்றி, சட்டைப் பக்கத்தைத் தாண்டிப் போக வைத்தால் போதும். பழைய பதில்கள் அப்படியே இருக்கும், புதிதாக வருபவர் கண்ணில் அது படாது.

படிவத்துக்கு வெளியே ஆர்டர் எடுக்காதீர்கள். கோயில் வாசலில், கல்யாண வீட்டில், ஒட்டுக்கடையில் ‘அண்ணே, எனக்கும் எக்ஸ்எல் ரெண்டு போட்டுடு’ என்பார்கள். வாங்கிக்கொண்டவர் அன்றிரவே தன் கையால் படிவத்தில் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாங்கக் கூடாது. தோட்டத்தில் இன்னும் இருக்கும் முதியவர்களுக்குக் காகிதப் படிவம் அவசியம்தான். அதையும் ஒருவர், ஒரே ஒருவர், அதே கூகள் படிவத்தில் ஏற்றட்டும். தனி நோட்டுப் புத்தகம் பிறந்த அன்றே கணக்கு இரண்டாகிவிடும்.

கொடுக்கும் நாள்

பொருள்களை மேசையில் குவித்து வைத்து ‘உங்களுக்கு என்ன’ என்று கேட்டால் வரிசை வாசல் தாண்டும். முந்தைய நாளே பதிவுக்கு ஒரு பை: உள்ளே சட்டைகள், மலர், சாப்பாட்டு வில்லைகள் (சைவத்துக்கு வேறு நிறம்), வெளியே ஒரு சீட்டில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல். பைகளைப் பெயர் வரிசையில் அடுக்காதீர்கள். முருகன் நான்கு பேர் இருப்பார்கள். சுப்பிரமணியம் ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். பதிவு செய்தது மருமகள் பெயராகவும் இருக்கும். கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கப்படி அடுக்குங்கள். ‘எந்த எண்ணில் பதிந்தீர்கள்?’ என்ற ஒரே கேள்வியில் பை கைக்கு வரும்.

சட்டை அளவு மாற்ற வருபவர்களை அந்த மேசையிலேயே நிறுத்தாதீர்கள். கூடுதலாக அடித்த சட்டைகளோடு இன்னொரு மேசை, விருந்து தொடங்கி அரை மணி கழித்து. அதற்குள் பாதிப்பேர் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.